யாருடைய காது?

"நல்ல சிஸ்டத்துல கேக்காதவன் இன்னும் பாட்டே கேக்கல" என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். அவர் வீட்டுக் கூடத்தில், அவர் கொடுத்த காப்பி என் கையில் இருக்கும்போது சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வாக்கியம் ஒரு வாரம் எனக்குள் கிடந்து குடைந்தது. அப்படியென்றால் எங்க அப்பா என்ன கேட்டார்? எங்க சேரியில் தெருவே உட்கார்ந்து ராத்திரி பூராவும் கேட்டதே, அது என்ன? முப்பது வருஷமாக டேப்ரிக்கார்டரும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் பண்ணிச் சோறு தின்கிற நான் இத்தனை நாளாக எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்?

அந்த வாக்கியத்துக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். பதில் நான் நினைத்த இடத்தில் முடியவில்லை. அதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

நண்பர் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. அவருடைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஒரு உறுமல் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதைச் சரி பண்ணத்தான் 2023இல் முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனேன். நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. சுவரெல்லாம் துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த பலகை. அறைக்கு நடுவில் ஒரே ஒரு நாற்காலி. ஏன் ஒன்றே ஒன்று? ஸ்டீரியோவின் கணக்கு அது. இரண்டு ஸ்பீக்கரும் கேட்கிறவனும் சமமான மூன்று முனைகளில் இருந்தால்தான் பாடகி நடுவில் நிற்கிற மாதிரியும் வயலின் இடப்பக்கம் இருக்கிற மாதிரியும் தெரியும். நாற்காலியை விட்டு இரண்டடி நகர்ந்தால் அந்தச் சித்திரம் கலைந்துவிடும். ஸ்டீரியோவுக்கு 1931இல் காப்புரிமைக்கு எழுதிப்போட்ட இங்கிலாந்துக்காரர் ஆலன் ப்ளூம்லைன், சினிமாக் கொட்டகையில் நடிகர் ஒரு பக்கம் நிற்க, சத்தம் வேறு பக்கத்திலிருந்து வருகிறதே என்று யோசித்துத்தான் அதில் இறங்கினார் என்பார்கள். ஜனங்கள் கூடி உட்காருகிற இடத்துக்காக யோசித்த ஒன்று, கடைசியில் ஒற்றை நாற்காலியில் வந்து நின்றிருக்கிறது.

அவர் எனக்காக அந்த நாற்காலியை விட்டுக்கொடுத்தார். பெருந்தன்மைதான். இரண்டு மணி நேரம் போட்டுக் காட்டினார். "இந்த எடத்துல பாருங்க, அந்தம்மா மூச்சு வாங்கறது கேக்குதா?" கேக்குது சார். "தம்புராவோட கடைசித் தந்தி மட்டும் தனியா கேக்குதா?" கேக்குது சார். அரை நிமிஷம் ஒன்று, முக்கால் நிமிஷம் ஒன்று என்று மாற்றிக்கொண்டே போனார். இரண்டு மணி நேரத்தில் ஒரு பாட்டைக்கூட நாங்கள் முழுசாகக் கேட்கவில்லை. பாட்டு ஓடியது, நாங்கள் கேட்டது பெட்டியைத்தான்.

ஸ்பீக்கர் ஒயரைக் காட்டினார். கட்டைவிரல் தடிமன். விலை ஒரு மோட்டார் சைக்கிள். நான் மெக்கானிக். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஐந்து மீட்டர் தூரத்துக்கு, வீட்டுச் சுவரில் ப்ளக் பாயிண்டுக்குப் போடுகிற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். போய் வருகிற தூரம் இரண்டையும் சேர்த்தாலும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அந்த ஒயரின் தடை நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதற்கு மேல் கொடுக்கிற காசு காதுக்குப் போவதில்லை, கௌரவத்துக்குப் போகிறது.

அவர் பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சொற்களைக் கவனித்தேன். "ப்யூர் சவுண்ட்." "கலப்பே இல்லாதது." "சுத்தம்." "இதுக்குப் பழகின காது வேணும், எல்லாருக்கும் வராது." இந்தச் சொற்களை நாங்கள் இதற்கு முன்னால் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம்.

*

எங்கள் வீட்டில் என்ன இருந்தது? நான் எட்டாவது படிக்கும்போது டிபிஏ 810 ஐ.சி. போட்ட ஒரு போர்டு, ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர், ஒரு எட்டு இஞ்ச் ஸ்பீக்கர். பெட்டி அடிக்கக் காசு இல்லை. மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தோம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பானையைத் தெரியும். இது சும்மா விளையாட்டு இல்லை, தொழில்நுட்பம். ஸ்பீக்கர் காகிதம் முன்னால் தள்ளுகிற காற்றைப் பின்பக்கத்துக் காற்று வந்து சமன்படுத்திவிடும். அதனால் வெறும் ஸ்பீக்கரில் கனத்த சத்தம் வராது. பானை அந்த இரண்டு காற்றையும் பிரித்து வைக்கிறது. கூடவே பானைக்கென்று ஒரு சுருதி இருக்கிறது. அந்த இடம் வரும்போது அது தன் பங்குக்கு ஒரு முழக்கம் போடும். பாட்டில் இல்லாத முழக்கம். இஞ்சினியர் இதைக் குறை என்பார். எங்கள் தெருவில் அதற்குப் பேர் "தூக்கறது". "டேய், தூக்குதுடா!" என்பார்கள்.

ரெக்கார்டிங் சென்டருக்குப் போய், பன்னிரண்டு பாட்டை நோட்டுப் பேப்பரில் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிஷ கேசட்டில் பதிந்து வாங்கி வருவோம். பதினோராவது பாட்டு நடுவில் கேசட் தீர்ந்துபோகும். மீதியை நாங்களே பாடுவோம். நாற்காலி கிடையாது. பானை நடுத்தெருவில் இருக்கும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரே சத்தம்தான். அதில் சுகம் இல்லை என்று யாராவது சொன்னால் அவரோடு பேசிப் பயனில்லை.

ஆனால் நண்பருடைய 'சுத்த' சத்தத்தின் ரகசியம் என்ன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. உள்ளே போகிற சத்தத்தில் இல்லாத எதை ஒரு ஆம்ப்ளிஃபயர் தன் கையிலிருந்து சேர்க்கிறது என்று அளக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. டிஸ்டார்ஷன் என்பார்கள். 1990களில் வந்த எல்.எம். 3886 என்கிற ஒரு சாதாரண ஐ.சி.க்கு அந்தக் கணக்கு நூற்றில் 0.03 என்று அதன் கம்பெனித் தாளிலேயே போட்டிருக்கும். நண்பர் வைத்திருப்பது ஒற்றை வால்வு வகை. முழுச் சத்தத்தில் அது நூற்றில் சில பங்கு சேர்த்துவிடும். அதாவது நூறு மடங்கு அதிகம். அப்புறம் ஏன் நன்றாக இருக்கிறது? அந்த வால்வு பெரும்பாலும் சேர்ப்பது இரட்டிப்பு அலை. 'ச' பாடினால் கூடவே மேல் ஸ்தாயி 'ச'வையும் லேசாகச் சேர்த்துக்கொள்ளும். அது காதுக்கு உறுத்தாது, கனிவாக இருக்கும்.

எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அவருக்கு அது சுகம், வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அவர் வால்வு சேர்த்தால் அதற்குப் பேர் 'ப்யூர்'. எங்கள் பானை சேர்த்தால் அதற்குப் பேர் இரைச்சல். ஐயா, கணக்குப்படி பார்த்தால் உங்க வால்வும் எங்க பானையும் ஒரே சாதி. அதை ஒப்புக்கொண்டு பேசுங்கள். அளவு கருவியை ஓரம் தள்ளிவிட்டு சுகத்தைத் தேர்ந்தெடுத்த ஆள்தான் நீங்களும்.

*

'அசலைப் போலவே' என்கிற பேச்சுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1915 முதல் 1925 வரை எடிசன் கம்பெனி அமெரிக்காவில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. மேடையில் பாடகி பாடுவார். விளக்கை அணைப்பார்கள். பாட்டு தொடரும். விளக்கைப் போட்டால் பாடகி போயிருப்பார், கிராமபோன் பெட்டி பாடிக்கொண்டிருக்கும். கூட்டம் அசந்துபோகும். வித்தியாசம் தெரியவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. இன்று அந்தத் தட்டுகளைக் கேட்டால் டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அவர்கள் எல்லாம் காது இல்லாதவர்களா? இல்லை. 'அசல்' என்பது ஒவ்வொரு காலத்திலும் விற்கிறவன் போடுகிற கோடு. அந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். நகர்ந்தால்தான் அடுத்த பெட்டி விற்கும்.

1982இல் சி.டி. வந்தது. மனிதக் காதின் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதற்குத் தகுந்த மாதிரி நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதுகிறது சி.டி. காதுக்கு அது போதும் என்றால் வியாபாரத்துக்குப் போதாது. அதற்கு மேலும் நுட்பம் என்று சொல்லி வேறு தட்டுகள் வந்தன. பாஸ்டன் நகரத்து ஒலி ஆர்வலர்கள் சங்கத்தைச் சேர்ந்த மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனை செய்து 2007இல் வெளியிட்டார்கள். உயர்ந்த ரகத் தட்டை அப்படியே ஒரு தடவை, சி.டி. தரத்துக்கு இறக்கி ஒரு தடவை. எது எது என்று சொல்லாமல் போட்டார்கள். 554 தடவை கேட்டதில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். இதற்கு ஆட்சேபணை எழுதியவர்களும் உண்டு. எழுதட்டும். வயது ஏற ஏற காதின் மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். அறுபத்தெட்டு வயதில் 40,000 ஹெர்ட்ஸ் வரை போகிற ட்வீட்டர் வாங்கியிருக்கிற நண்பருக்கு என்ன சொல்வது? வீட்டுப் பரணில் வௌவால் இருந்தால் அது கேட்டுச் சந்தோஷப்படும்.

இதையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு சோதனை. ஹார்மன் என்கிற அமெரிக்கக் கம்பெனியில் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள். 1994இல் தங்கள் கம்பெனி ஆட்களையே உட்கார வைத்து, திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை ஒளித்து மார்க் போடச் சொன்னார்கள். பிறகு திரையை எடுத்துவிட்டு அதே ஸ்பீக்கர்களுக்குத் திரும்ப மார்க் போடச் சொன்னார்கள். கண் திறந்ததும் காது மாறிவிட்டது. உருவத்தில் சின்னதாக, விலையில் மலிவாக இருந்த பெட்டி மார்க்கை இழந்தது. சத்தம் மாறவில்லை; யார் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். 'நீ எந்த ஊர், எந்தத் தெரு?' என்று கேட்டுவிட்டு மார்க் போடுகிற வாத்தியாரிடம் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2003இல் ஆலிவ் இன்னொன்று வெளியிட்டார். 268 பேர், நாலு ஸ்பீக்கர். கேட்கவே பயிற்சி எடுத்தவர்கள், கடைக்காரர்கள், விமர்சனம் எழுதுகிறவர்கள், பயிற்சியே இல்லாத மாணவர்கள் என்று பல தரப்பு. எல்லாருக்கும் கண் மறைத்த சோதனை. பயிற்சி பெற்றவர்கள் கறாராக, மாறாமல் மார்க் போட்டார்கள். மற்றவர்கள் தாராளமாக, கொஞ்சம் முன்னே பின்னே போட்டார்கள். ஆனால் எது நல்லது, எது மட்டம் என்கிற வரிசை? பெரும்பாலும் ஒன்றேதான். அளந்து பார்த்தால் ஒழுங்காக இருந்த பெட்டியைத்தான் ஒலிநுணுக்கம் தெரியாதவர்களும் தேர்ந்தெடுத்தார்கள்.

இதன் அர்த்தம் என்ன? நல்ல சத்தத்தை அடையாளம் காண்கிற காது பிறப்பால் வருவதும் இல்லை, பணத்தால் வருவதும் இல்லை. பழகினால் கூர்மையாகும். பழகாவிட்டாலும் நல்லது நல்லதுதான் என்று தெரியும். அளவு கருவியும் கண் மறைத்த சோதனையும் நமக்கு எதிரிகள் இல்லை, தோழர்களே. 'எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியல' என்கிற அதிகாரத்தை உடைக்கிற கருவி அதுதான். தங்கக் காதுக்காரர்கள் அதைக் கண்டால் எரிந்து விழுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

*

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை நன்றாகத்தான் இருந்திருக்கும். பணக்காரன் பெட்டியைக் கேட்கிறான், ஏழை பாட்டைக் கேட்கிறான் என்று எழுதிக் கைதட்டு வாங்கியிருக்கலாம். நம் ஆட்களே அப்படித்தான் பேசுகிறார்கள். "நமக்கு எதுக்குத் தோழர் துல்லியம்? சத்தமா கேட்டா போதும். உணர்ச்சிதான் முக்கியம்." கூட்டத்துக்கு மைக்செட் கட்டும்போதும் இதே பேச்சு. பேசுகிறவர் சொல்வது ஒரு வார்த்தை புரியாது, கூவும். புரியாவிட்டால் என்ன, சத்தம் வந்தால் சரி.

இது ஆபத்தான பேச்சு. நுட்பம் அவர்களுக்கு, உணர்ச்சி நமக்கு என்று பங்கு பிரித்தது யார்? மூளை அங்கே, உடம்பு இங்கே என்று பிரித்தவன்தானே? நல்லதை அவர்கள் எடுத்துக்கொண்டு மீதியை நமக்குத் தள்ளினார்கள். நாமே அந்த மீதிக்குக் 'கலாச்சாரம்' என்று பேர் வைத்துக்கொள்வதா?

எங்க அப்பா பறையடிப்பவர். அவரைவிட நுட்பமான காதை நான் பார்த்ததில்லை. அடிக்கப் போகும் முன்னால் வைக்கோலைக் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சுவார். விரல் முட்டியால் ஒரு தட்டு. தலையை ஆட்டுவார். இன்னும் கொஞ்சம் காட்டுவார். இன்னொரு தட்டு. பக்கத்தில் இருப்பவருடைய மேளத்தையும் வாங்கித் தட்டிப் பார்ப்பார். "ஈரம் ஏறியிருக்குடா இதுல. தோலு கத்தணும், கொழகொழன்னு பேசக்கூடாது" என்பார். அடிக்குச்சி ஒரு சத்தம், சிண்டுக்குச்சி ஒரு சத்தம், விளிம்பில் ஒன்று, நடுவில் ஒன்று. நண்பர் மூன்று லட்சம் செலவு பண்ணித் தேடுகிற வித்தியாசங்கள் எல்லாம் அப்பாவின் விரல் முட்டியில் இருந்தது.

மிருதங்கத்தையே எடுங்கள். நண்பர் தன் சிஸ்டத்தின் பெருமைக்குச் சாட்சியாக முதலில் போட்டுக் காட்டியது ஒரு மிருதங்க அடி. "அந்த 'திம்' எப்படி நிக்குது பாத்தீங்களா?" நின்றது. ஆனால் அந்தத் தோலை உரித்து, பதப்படுத்தி, கல்லுப் பொடியும் சோறும் குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்து, அந்த 'திம்'மை அதற்குள் வைத்தது யார்? பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். சபாவில் அவர்கள் பேர் யாருக்கும் தெரியாது. நுட்பம் நம்முடையதாக இருந்தது. நாற்காலி மட்டும்தான் அவர்களுடையது.

*

இப்போது நான் மாறிய கதைக்கு வருகிறேன்.

1987இல் சவுதியிலிருந்து வந்த என் மாமா ஒரு நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். அந்த வருஷம் ஊர்த்தெருவில் ஒரு பெரிய சாவு. அப்பா அடிக்கப் போனார். மாமா அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே போய், முக்கால் மணி நேரம் பதிந்தார். 1991இல் எங்கள் ஆட்கள் கூடிப் பேசி, இனிமேல் ஊருக்குச் சாவு மேளம் அடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அப்பாவும் நிறுத்திக்கொண்டார். அதனால் அந்த ஒரு கேசட்தான் மிச்சம்.

அந்தக் கேசட்டை எத்தனை தடவை போட்டிருப்போம் என்று கணக்கே இல்லை. அதில் ஒரு இடம் உண்டு. அடி சட்டென்று நிற்கும். சிண்டுக்குச்சி மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் பேசும். அப்புறம் எல்லா மேளமும் சேர்ந்து விழும் பாருங்கள்! அந்த இடத்துக்காகவே காத்திருந்து ஆடுவோம். அம்மாகூட இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்பார். கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. வாழ்நாள் பூரா மேளத்துக்குப் பக்கத்தில் இருந்த காது. பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்பார். அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஒன்றும் சொன்னதில்லை. 2011இல் போய்ச் சேர்ந்தார்.

மாமாவின் பெட்டி 1996லேயே செத்துப்போனது. வேறு எந்தச் செட்டில் போட்டாலும் அந்தக் கேசட் மங்கலாகவே பாடியது. 2009இல் ஒரு கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வாங்கினேன். "இரைச்சலெல்லாம் எடுத்து க்ளீன் பண்ணிட்டேன்ணே" என்று அந்தத் தம்பி பெருமையாகக் கொடுத்தான். சுத்தமாகத்தான் இருந்தது.

நண்பர் வீட்டு உறுமல் நின்றபிறகு அவர் ஒரு நாள் கேட்டார், "உங்ககிட்ட ஏதாவது கேசட் இருந்தா கொண்டாங்களேன், நம்ம டெக்குல போடுவோம்." கொண்டுபோனேன். போட்டார். முகம் சுருங்கியது.

"என்னங்க, கம்பளி போத்தின மாதிரி இருக்கு. ரெக்கார்டிங்கே அவ்வளவுதான் போல."

"ரெக்கார்டிங் சரியாதான் இருக்கு சார். உங்க ஹெட்டு நேரா நிக்குது. இது பதிஞ்ச பெட்டியில ஹெட்டு சாஞ்சி இருந்துச்சி."

தொழில் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். டேப்பைப் படிக்கிற ஹெட்டில் முடியைவிட மெல்லிய ஒரு கீறல் இருக்கும். பதியும்போது அந்தக் கீறல் எந்தச் சாய்வில் இருந்ததோ, படிக்கும்போதும் அதே சாய்வில் இருக்க வேண்டும். துளி மாறினாலும் முதலில் போவது கூர்மையான சத்தம். குச்சி தோலில் படுகிற அந்த முதல் நொடி போய்விடும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன ஸ்குரு இருக்கும். அதைத் திருப்பிச் சரி பண்ணலாம்.

"சின்ன ஸ்குருடிரைவர் ஒண்ணு குடுங்க சார்."

"ஐயோ, அதத் தொடாதீங்க!"

அவர் மனசில் வேறு ஒன்றும் இல்லை. விலை உயர்ந்த சாமான் வைத்திருக்கிற யாரும் சொல்வதுதான். ஆனால் அந்தச் சொல்லை நான் எந்தக் காதால் கேட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு, "உங்க ஆம்ப்ளிஃபயருக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டுத்தான சார் ரிப்பேர் பண்ணேன்" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய் எடுத்து வந்தார்.

கால் சுற்றுகூட இல்லை. கம்பளி விலகியது. அப்பா அந்த அறைக்குள் வந்து அடித்தார். அந்தப் பெட்டிகளைப் பற்றி நான் முன்னால் சொன்ன கிண்டலை எல்லாம் இந்த இடத்தில் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தோல் கத்தியது. நாலு மேளத்தில் எது அப்பாவுடையது என்று தெரிந்தது.

பிறகு அந்த இடம் வந்தது. அடி நின்றது. அந்தக் காலத்து டூ-இன்-ஒன்னில் மைக்குக்குத் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சர்க்யூட் உண்டு. பெரிய சத்தம் வந்தால் அடக்கும், சத்தம் நின்றால் சுற்றியுள்ள சின்னச் சத்தத்தைத் தூக்கும். ஸ்டூடியோக்காரர்கள் வெறுக்கிற குறை அது. அடி நின்ற அந்த இடைவெளியில் காற்று, காக்காய், பெண்களின் அழுகை எல்லாம் மேலே எழும்பி வந்தது. அதோடு ஒரு குரல்.

"டேய், போதும் நிறுத்துடா. சொன்னா கேக்க மாட்ட?"

குரலுக்கு இருபது வயது இருக்கும். அப்பாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு.

அப்புறம் சிண்டுக்குச்சி மட்டும். தனியாக. அப்புறம் எல்லா மேளமும்.

முப்பத்தாறு வருஷமாக எதை வைத்து நாங்கள் ஆடினோமோ அது கொண்டாட்டம் இல்லை. பதில். நிறுத்து என்றவனுக்கு அப்பா குச்சியால் சொன்ன பதில். பெட்டி மேல் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அவர் கேட்டது அதைத்தான்.

நண்பர் "யாரு அது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பேசவில்லை. டெக்கை நிறுத்தவும் இல்லை. அன்றைக்குத்தான் அந்த அறையில் ஒரு பக்கம் முழுசாக ஓடி முடிந்தது. ஸ்குருவை அவருடைய கேசட்டை வைத்தே பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் 2009இல் ஏற்றியதைப் போட்டுப் பார்த்தேன். அடி நிற்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி சுத்தம். இரைச்சலோடு இரைச்சலாக அந்தக் குரலையும் எடுத்துவிட்டார்கள். எடுத்த தம்பி நம்ம பையன்தான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். சுத்தம் என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்த மென்பொருளுக்கு மேளத்துக்கு நடுவில் இருக்கிற இடைவெளி வெறும் அழுக்கு.

*

ஆக, சுகமா நுட்பமா என்கிற கேள்வியே தப்பு. சுகம் இல்லாத நுட்பம், மூச்சு வாங்குவதை எண்ணிக்கொண்டு பாட்டைக் கோட்டை விடும். நுட்பம் இல்லாத சுகம், அப்பனுக்கு நடந்தது தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கும். எங்கள் ஆட்டம் பொய் இல்லை. அந்தப் பதிலின் கோபம் எங்கள் காலுக்கு வந்து சேர்ந்திருந்தது, அதனால்தான் ஆடினோம். ஆனால் தெரிந்து ஆடுவது வேறு. நுட்பம் யாருக்காக, எதைக் கேட்பதற்காக என்பதுதான் கேள்வி. நேராக நிற்கிற ஹெட்டு சாய்ந்து பதிந்த குரலைப் படிக்காது. அதற்காக டேப்பைக் குறை சொல்வதா, ஸ்குருவைத் திருப்புவதா?

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் கேசட் கிடக்கும். பாட்டியின் ஒப்பாரி, தெருக்கூத்து, 1980களிலும் 90களிலும் நம் தலைவர்கள் பேசிய கூட்டம், கல்யாணத்தில் யாரோ பாடியது. பூஞ்சை பிடிக்கிறது. டேப்பை ஹெட்டோடு அழுத்துகிற சின்னப் பஞ்சு உதிர்ந்துபோகிறது. இப்போதே எடுங்கள். லட்ச ரூபாய் டெக் வேண்டாம். ஒழுங்காக ஓடுகிற ஒன்று, ஒரு ஸ்குருடிரைவர், கூர்மையான சத்தம் வரும்வரை திருப்பிப் பார்க்கிற பொறுமை. சி.டி. தரத்தில் ஏற்றினால் போதும். முக்கியமாக, க்ளீன் பண்ணச் சொல்லாதீர்கள். துடைத்த பிரதி வேண்டுமென்றால் தனியாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். துடைக்காதது ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். அடி நிற்கிற இடத்தில் யாரும் பேசாதீர்கள்.